எர்லினுக்கு வைத்த அறை

எங்கள் தீவின் கூயாவ் ஊரில் இஸ்மேயின் வீட்டுக்கு யார் போனாலும் அடுப்படி வரைக்கும் தாராளமாகப் போகலாம். பின்வாசலில் உட்கார்ந்து மீன் அரியலாம். அவள் கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்து பொழுது சாய்கிற வரை கதை பேசலாம். கிழக்குப் பக்கத்து அறைக்குள் மட்டும் போக முடியாது. அந்தக் கதவு பூட்டியே இருக்கும். சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு சேர்ந்து தொங்கும்.

"அது எர்லினோட ரூம்" என்பாள். எர்லின் அவளுடைய அக்கா. லண்டனில் நர்ஸாக இருந்தவள். அந்த அறையில் அவள் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை.

பக்கத்து வீட்டு டெல்ஸி மீன் விற்கிறவள். கடற்கரையில் ஏலம் கேட்டுக் கேட்டு வாய் நீண்டவள். போப்பாண்டவரே வந்தாலும் அந்த அறைக்கு வெளியே தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டியதுதான் என்று கேலி செய்வாள். அவர் வந்தால் ஹாலில் சோபா இருக்கிறது என்று இஸ்மே பதில் சொல்வாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் மாட்டாள்.

இஸ்மே முப்பத்தெட்டு வருடம் ஜாதிக்காய்க் கிடங்கில் வேலை பார்த்தவள். காயைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள். நல்ல காய் அடியில் போகும், சொத்தை மிதக்கும். மிதப்பதை அள்ளி எறிவதும், அடியில் போனதைத் தரம் பிரித்துச் சாக்கில் போடுவதும் அவள் வேலை. கை ரேகையில் ஏறிய வாசனை ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. நடுவில் சில வருடம் ஒருவனோடு குடித்தனம் செய்தாள். அவன் வேலைக்கென்று ட்ரினிடாடுக்குப் படகேறினான், அங்கேயே இன்னொருத்தியோடு பிள்ளைகுட்டிக்காரன் ஆகிவிட்டான். அதைப் பற்றி அவள் பேசியதைவிட ஊர் பேசியதுதான் அதிகம். அவளுக்குப் பிள்ளை இல்லை. அக்கா ஒருத்திதான் இருந்தாள், அவளும் கடலுக்கு அந்தப் பக்கம்.

அவள் படுப்பது அம்மாவின் இரும்புக் கட்டிலில். அது அக்கா தங்கை இரண்டு பேரும் பிறந்த கட்டில், வளர்ந்த கட்டில். கம்பிச் சுருள்கள் தளர்ந்து நடுவில் பெரிய குழி. எந்த ஓரத்தில் படுத்தாலும் விடிவதற்குள் உருண்டு குழிக்குள் வந்துவிட வேண்டியதுதான். சின்ன வயதில் தினமும் இதற்குச் சண்டை. "தள்ளிப் படு" என்று எர்லின் முழங்கையால் இடிப்பாள். "நீ தள்ளிப் படு" என்று இஸ்மே முட்டியால் உதைப்பாள். அம்மா பக்கத்து அறையிலிருந்து ஒரு அதட்டல் போட்டால் இரண்டும் மூச்சுக் காட்டாமல் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு தூங்கிவிடும்.

எர்லின் இருபத்திரண்டு வயதில் கப்பலேறினாள். அம்மா செத்தபோதுதான் திரும்பி வந்தாள். அப்போது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது, உடம்பும் போட்டிருந்தது. இரண்டு வாரம் அதே கட்டிலில் தங்கையோடு படுத்தாள். அம்மாவை நினைத்து இரண்டு பேரும் அழுவார்கள், அழுதுகொண்டே குழிக்குள் உருளுவார்கள், பிறகு சிரிப்பு வந்துவிடும். கிளம்புகிற அன்று காலையில் எர்லின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து சொன்னாள்: "அடுத்த தடவ வர்றதுக்குள்ள எனக்குன்னு ஒரு ரூம் போட்டு வை, குட்டி. இந்தக் குழியில கெடந்தா உன் முட்டியே என்ன கொன்னுரும்."

சொன்னவள் விமானத்தில் ஏறிப் போய்விட்டாள். இஸ்மே அடுத்த மாதமே கொத்தனாரைக் கூப்பிட்டாள்.

அந்த அறை எழும்ப ஏழு வருடம் ஆனது. ஒரு வருடம் அஸ்திவாரம், ஒரு வருடம் சுவர், மழைக்காலம் வந்தால் வேலை நிற்கும். அறை முடிந்ததும் எர்லின் அனுப்பும் பீப்பாய்கள் வர ஆரம்பித்தன. லண்டனிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் ஆள் உயரப் பீப்பாய் ஒன்று கப்பலில் வந்து இறங்கும். அரிசி, சோப்பு, எண்ணெய் இவற்றுக்கு நடுவில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, பூப்போட்ட திரைச்சீலை, துண்டுகள். அதெல்லாம் தங்கைக்கென்று அனுப்பியது. தங்கையோ எல்லாவற்றையும் கிழக்கு அறைக்குக் கொண்டுபோனாள்.

எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வீடு புதுத் திரைச்சீலை மாட்டுவோம். அதற்கு முன்னால் பூட்டிய கதவுக்குள்ளே சுவருக்குப் பெயிண்ட் அடித்து, தரை தேய்த்து, வாசலில் போகிறவர்களுக்கு உள்ளே என்ன நிறம் என்று தெரியாமல் வைத்திருப்போம். இஸ்மேயின் வீட்டில் புதுத் திரை எர்லினின் அறைக்குத்தான் போகும். போன வருடத்துத் திரை அங்கிருந்து இறங்கி ஹாலுக்கு வரும், ஹாலில் இருந்தது இஸ்மேயின் அறைக்கு வரும். யாருமே படுக்காத அறையின் பழசைக் கட்டிக்கொண்டு அவள் காலம் தள்ளினாள். ஏழு கழுதை வயதானவளுக்கு இது தெரியவில்லையா என்று எனக்கே சில சமயம் கோபம் வரும்.

மெத்தை மட்டும் பீப்பாயில் வரவில்லை. கிடங்கில் வாங்கிய போனஸைச் சேர்த்து வைத்து அவளே வாங்கினாள். தடித்த பிளாஸ்டிக் உறை போட்டு வந்தது. எர்லின் படுக்கிற அன்றைக்குத்தான் உறையைக் கிழிப்பது என்று முடிவு செய்தாள். இது ஒன்றும் அவள் கண்டுபிடித்ததில்லை. எங்கள் ஊரில் பாதி சோபாக்களும் மெத்தைகளும் பிளாஸ்டிக்குக்குள்தான் வாழ்கின்றன. உட்கார்ந்தால் தொடையில் ஒட்டும், எழுந்தால் சத்தம் போடும். நல்ல சாமான் புதுசாகவே இருக்க வேண்டும் அல்லவா.

இரண்டாயிரத்து நான்கில் பெரும்புயல் வந்தது. மலைச்சரிவில் ஜாதிக்காய் மரங்கள் மொத்தமாகச் சாய்ந்தன. இஸ்மேயின் கூரைத் தகடுகள் கடலுக்குப் பறந்தன. மழை நாலு நாள் வீட்டுக்குள்ளேயே பெய்தது. எல்லாம் நனைந்தும் பிளாஸ்டிக்குக்குள் இருந்த அந்த மெத்தை மட்டும் தப்பித்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. டெல்ஸிகூட அன்றைக்கு வாயை மூடிக்கொண்டாள். அதன் பிறகு அந்த உறையைக் கிழிக்கச் சொல்லி யாரும் இஸ்மேயிடம் பேச முடியவில்லை.

இத்தனைக்கும் எர்லின் வரவில்லை. முதலில் வேலை, பிறகு மகன் மார்லனின் படிப்பு, பிறகு கணவனின் பக்கவாதம், அவன் சாவு. ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். அறை எப்படி இருக்கிறது என்று எர்லின் கேட்பாள். தயாராகிக்கொண்டிருக்கிறது என்பாள் இஸ்மே.

போன வருடம் ஜூன் மாதம், சொந்தத்தில் ஒரு சாவு. நாளைக்கு வருகிறேன் என்று எர்லின் திடீரென்று போன் செய்தாள். இஸ்மேக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த மாதம் பார்த்துத்தான் கிழக்கு அறையின் கூரை ஒழுகி, சுவர் சுரண்டிக் கிடந்தது. திரைச்சீலை இல்லை. மெத்தை சுவரில் சாய்ந்து நின்றது. பெயிண்ட் டப்பாக்கள் தரையில் கிடந்தன.

எர்லின் காரிலிருந்து இறங்கினாள். எழுபது வயது, வீங்கிய முழங்கால், கையில் தடி. அக்காவும் தங்கையும் தெருவில் நின்று கட்டிப் பிடித்து அழுதார்கள். மீன் பொரித்து, சீமைப்பலாவைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, வயிறு நிறையத் தின்று முடித்து, சாயங்காலம் எர்லின் நேராக இஸ்மேயின் அறைக்குப் போய் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"செருப்பப் போட்டுக்கோ. மேட்டுத்தெரு கெஸ்ட் ஹவுஸ்ல உனக்கு ரூம் சொல்லிருக்கேன்" என்றாள் இஸ்மே.

"எதுக்கு? நான் உன்கூடவே படுத்துக்கறேனே."

"இந்தக் குழியிலயா? லண்டன்லேருந்து வந்தவள ஓட்டக் கட்டில்ல போட்டேன்னு ஊரு காறித் துப்பும். உன் ரூம் இன்னும் ரெடியாகல எர்லின். அரகொறையா உன்ன அதுல படுக்க வைக்க மாட்டேன்."

"நான் ரூம் கேட்டனா இப்ப?"

"கிறிஸ்துமஸுக்கு வா. எப்படி வச்சிருக்கேன்னு பாரு."

எர்லின் குனிந்து, முழங்கால் வலியோடு, செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். நாலு ராத்திரியும் மேட்டுத்தெருவில் கழிந்தன. காலையில் வருவாள், சாப்பிடுவாள், இருட்டியதும் டெல்ஸியின் மருமகன் காரில் கொண்டுபோய் விடுவான். இஸ்மேக்கு அதில் பெருமைதான். அக்காவை ராணி மாதிரி வைத்திருந்தேன் என்று சொல்லிக்கொண்டாள்.

ஜூலையிலிருந்து அவள் அந்த அறையை ஒரு வழி பண்ணிவிட்டாள். கூரையை மாற்றினாள். சுவருக்கு வெளிர் மஞ்சள், எர்லினுக்குப் பிடித்த நிறம். காலையில் வெயில் முகத்தில் அடிக்காமலும் கடல் தெரிகிற மாதிரியும் கட்டிலை இரண்டு முறை இடம் மாற்றினாள். எர்லினின் முழங்காலை நினைத்து, கட்டில் உயரமாக இருக்கிறதென்று தச்சனை விட்டுக் கால்களை நாலு விரற்கடை அறுக்கச் சொன்னாள். அவன் ஒரு காலை அதிகமாக அறுத்துவிட்டு, தரைதான் கோணல் என்று சாதித்தான். தலைமாட்டில் சின்ன மேசை, அதில் விளக்கு, தண்ணீர்க் குடுவை, குடுவைக்கு மேல் மணி கோத்துப் பின்னிய மூடி. கழிப்பறைக்குப் போகும் சுவர் நெடுக, பிடித்துக்கொண்டு நடக்க ஒரு மரக் கம்பி. கொசுவலை. ராத்திரி எழுந்தால் காலில் குளிர் ஏறாமல் இருக்கத் துணி கிழித்து முடைந்த மிதியடி. புது விரிப்புக்குள் ஜாதிபத்திரி வைத்து மடித்தாள். ஒன்று விடவில்லை. மெத்தையின் பிளாஸ்டிக்கை மட்டும் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்தாள்.

கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ரம்மில் ஊறிக்கொண்டிருந்தபோது எர்லினிடமிருந்து போன் வந்தது. உடம்பு கொஞ்சம் சரியில்லை, டிக்கெட்டை மாற்றிவிட்டேன், ஈஸ்டருக்கு வருகிறேன் என்றாள். குரல் மெலிந்திருந்தது. இஸ்மே புதுத் திரைச்சீலையை மாட்டினாள், கதவைப் பூட்டினாள். ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருக்கும்போது மார்லன் போன் செய்தான். எர்லின் போய்விட்டாள். ஈரலில் ஆரம்பித்து எங்கெங்கோ பரவிவிட்டதாம், யாருக்கும் சொல்லக் கூடாது என்று மகன் வாயைக் கட்டியிருந்தாளாம். இஸ்மே போனை வைக்காமல் நின்றுகொண்டே இருந்தாள். டெல்ஸி வந்துதான் கையிலிருந்து வாங்கினாள்.

எரித்துவிட்டார்கள் என்பது அடுத்த போனில் தெரிந்தது. சாம்பலை எடுத்து வருகிறேன், பாட்டியைப் புதைத்த குழியில் வைத்துவிடலாம், அம்மாவின் ஆசை அதுதான் என்றான் மார்லன். எரிப்பது என்பதை இஸ்மே கேள்விப்பட்டிருக்கிறாள். தன் வீட்டில் நடக்கும் என்று நினைத்ததில்லை. அழுது தீர்த்தாள். ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு ஊரே வந்து காப்பி குடித்து, ரம் குடித்து, பாட்டுப் பாடிவிட்டுப் போனது. எல்லோரும் போன பிறகு அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் மனதில் நின்றது. அக்கா வருகிறாள். எப்படி வந்தாலும் வருகிறாள். மகனோடு அந்த அறையில் ஒரு ராத்திரியாவது இருக்கட்டும்.

ஈஸ்டர் வாரம் வியாழக்கிழமை காலை, டெல்ஸியைக் கூப்பிட்டுக்கொண்டு கிழக்கு அறையைத் திறந்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். பதினைந்து வருடத்துக்கு மேலாக இருந்த பிளாஸ்டிக் உறையைத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் வெட்டினாள்.

முதலில் நாற்றம்தான் வந்தது. மழைக்காலத்துக் கிடங்கில் அடிச்சாக்குகளைப் புரட்டினால் வருகிற நாற்றம். உறையை இழுத்ததும் மெத்தை முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், நடுவில் ஒரு ஆள் அகலத்துக்குப் பச்சையும் கறுப்புமாகப் பூசணம். புயல் மழையில் எந்தத் தையல் வழியாகவோ இறங்கிய ஈரம், வெளியே போக வழி இல்லாமல் உள்ளேயே இருந்து மெத்தையைத் தின்றிருந்தது. இஸ்மே விரலால் அழுத்தினாள். பஞ்சு உள்ளே போய் மேலே வரவில்லை.

பதினைந்து வருடமாகக் கேலி பேசிய டெல்ஸி அன்றைக்கு ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. "வெயில்ல போடுவோம், எலுமிச்ச தேப்போம், போயிரும் இஸ்மே" என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேரும் இழுத்து முற்றத்தில் போட்டார்கள். எலுமிச்சையும் உப்பும் வைத்துக் கை தேயத் தேய்த்தார்கள். கறை கொஞ்சம் வெளுத்தது, நாற்றம் போகவில்லை. கடைசியில் மூன்று விரிப்பை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டு, ஜாதிபத்திரியை அள்ளி அள்ளி வைத்து, மேலே எர்லின் அனுப்பிய வெள்ளைப் பூவேலை விரிப்பை மூடினாள். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது.

மார்லன் சனிக்கிழமை மதியம் வந்தான். நாற்பது வயது, அம்மாவின் நெற்றி, அம்மாவின் நடை. வாடகைக் காரை வாசலில் நிறுத்திவிட்டு, மரப்பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினான். தெருவில் பிள்ளைகள் ஈஸ்டர் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள், வானம் முழுக்கப் பட்டங்களில் ஒட்டிய காகித நாக்குகளின் ரீங்காரம். இஸ்மே பெட்டியை வாங்கிக்கொண்டாள். அத்தனை பெரிய பொம்பளை இவ்வளவு லேசாகப் போய்விட்டாளே என்று இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள்.

அறையைத் திறந்து காட்டினாள். விளக்கைப் போட்டுக் காட்டினாள். மரக் கம்பியை, மிதியடியை, குடுவை மூடியை எல்லாம் காட்டினாள். மார்லன் நிஜமாகவே வியந்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, தான் தெற்கே கடற்கரை ஓட்டலில் தங்குவதாகவும், பணம் கட்டியாகிவிட்டது என்றும், டான்டிக்கு எதற்குச் சிரமம் என்றும் சொன்னான். எங்கள் ஊரில் சித்தி, பெரியம்மா, அத்தை எல்லோரும் டான்டிதான். லண்டனில் வளர்ந்தாலும் அவன் அந்த வார்த்தையை விடவில்லை. டான்டி அவனுக்குச் சாப்பாடு போட்டாள்.

சாப்பிட்டுக்கொண்டே அவன் சிரித்தபடி சொன்னான்: "அம்மா ஜூன்ல இங்கேருந்து திரும்பி வந்தப்ப, ஏர்போர்ட்லேருந்து வீடு வரைக்கும் உங்களத் திட்டிக்கிட்டே வந்தாங்க டான்டி. 'குழின்னு வெளையாட்டுக்கு ஒரு வார்த்த சொன்னேன். அதுக்காக என் தங்கச்சி என்ன விருந்தாளி ஆக்கிட்டா. அவகூடப் படுக்கத்தானேடா அவ்ளோ தூரம் போனேன்'னாங்க. அப்புறம் அவங்களே சிரிச்சுட்டாங்க."

அவனுக்கு அது ஒரு வேடிக்கைக் கதை. அம்மாவைப் பற்றி அம்மாவின் தங்கையிடம் சொல்ல நல்ல கதை. இஸ்மே அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

நாளைக்குப் பூசை முடிந்ததும் கல்லறைக்குப் போகலாம், அதுவரை அம்மா உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பினான். இஸ்மே பெட்டியைக் கிழக்கு அறைக்குக் கொண்டுபோய், பூவேலை விரிப்பின் நடுவில், புதுத் தலையணையில் சாய்த்து வைத்தாள். ஜன்னல் திரையைக் கொஞ்சம் ஒதுக்கிக் கடல் தெரிகிற மாதிரி செய்தாள். வெளியே வந்து பழக்கத்தில் கதவைப் பூட்டினாள். அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். ஜாதிபத்திரியையும் மீறிப் பூசண நாற்றம் அங்கே வரைக்கும் வருகிற மாதிரி இருந்தது.

நினைத்துப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்துவிட்டாள். அவளை எழுப்பி, செருப்பை மாட்ட வைத்து, இருட்டில் காரில் ஏற்றி அனுப்பினது யார்? ஊர் துப்பும் என்றாளே, ஊர் எங்கே இருந்தது அப்போது? டெல்ஸி தன் வீட்டில் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். இஸ்மே எழுந்து போய்ப் பூட்டைத் திறந்தாள்.

"வா, எர்லின்" என்றாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். செருப்பைக் கழற்றினாள். சங்கிலியிலிருந்து சாவியை உருவி மேசைமேல் போட்டாள். அம்மாவின் கட்டிலில் பெட்டியைச் சுவரோரமாக, எர்லின் வழக்கமாகப் படுக்கும் பக்கத்தில் வைத்துவிட்டு, தான் இந்தப் பக்கம் விளிம்பில் படுத்தாள். கம்பிகள் பழையபடி முனகின. வெளியே பட்டங்கள் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரத்தில் அவள் உடம்பின் கனத்துக்குக் கட்டில் அமுங்கியது. பெட்டி சரிந்து, குழிக்குள் இறங்கி, அவள் முதுகில் வந்து இடித்தது. மூலை கூர்மையாக இருந்தது. இஸ்மே தள்ளிப் படுக்கவில்லை.